தேரிக்காட்டு ராத்திரி: தலைக்கு மேல திருவாதிரை, தெற்கே அகத்தியர்

இன்னைக்கு எபிசோடுல கோடிங் கிடையாது, ஏஐ கிடையாது. மணலும் வானமும் மட்டும்தான்.

"ஒரு ராத்திரி பாலைவனத்துல படுத்து நட்சத்திரம் பார்க்கணும்"னு எங்க ஆபீஸ் குரூப்ல யாராவது சொன்னா, அடுத்த நிமிஷமே ஜெய்சால்மர் பேக்கேஜ் லிங்க் வந்து விழும். இன்னும் கொஞ்சம் பட்ஜெட் இருந்தா லடாக், ஹான்லே. தப்பில்ல, ஹான்லேல 2022-லேயே வானத்தோட இருட்டைக் காப்பாத்தன்னு தனி காப்பகம் அறிவிச்சுட்டாங்க. ஆனா நான் திருநெல்வேலிக்காரன். எங்க ஊர்ல பைக் எடுத்தா ஒன்றரை மணி நேரத்துல செக்கச்செவேல்னு ஒரு மணல்காடு. பேரு குதிரைமொழித் தேரி. படத்துல நிச்சயம் பார்த்திருப்பீங்க. அரிவாளோட ஒருத்தன் ஓட, பின்னாடி ஜீப்பு புழுதி கிளப்பிட்டு வருமே, அந்த இடம்தான்.

போன பிப்ரவரி அமாவாசைக்கு நானும் என் காலேஜ் ஃப்ரெண்டும் கிளம்பினோம். திருச்செந்தூர் ரோடு, தாமிரபரணி ஓரமாவே போகும். ரெண்டு பக்கமும் வாழையும் வயலும். வழியில ஆழ்வார்திருநகரி, தென்திருப்பேரை. நவதிருப்பதில ஆளுக்கொரு கிரகம் உண்டு, ஆழ்வார்திருநகரி குரு, தென்திருப்பேரை சுக்கிரன். நட்சத்திரம் பார்க்கப் போறவனுக்கு இதைவிட நல்ல ரூட் எங்க இருக்கு? குரும்பூர் தாண்டி உள்ளே திரும்பினா பச்சை அப்படியே சட்டுனு நின்னுடும். அப்புறம் சிவப்பு மணல், பனை, குடை விரிச்ச மாதிரி உடைமரம்.

இது பாலைவனமான்னு கேட்டா, இல்ல. ஜெய்சால்மர்ல வருஷத்துக்கு சுமார் 200 மில்லிமீட்டர் மழைதான். இங்க 600-ஐத் தாண்டும். பெய்ற மழையை மணல் உறிஞ்சி கீழே வச்சுக்கும். அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலுக்குப் போய்ப் பாருங்க, சுத்தி வெந்த மணல், நடுவுல சுனை, நெருக்கமா மரம். சிவப்புக்குக் காரணம் ஒவ்வொரு மணல் துகள் மேலயும் படிஞ்சிருக்கிற இரும்பு ஆக்சைடு, அதாவது துரு. பனியுகத்துல கடல் மட்டம் இப்போ இருக்கிறதைவிட 100 மீட்டருக்கும் கீழே இருந்தப்போ, காத்து அள்ளிக் குவிச்ச மணல் இதுல நிறைய. இந்தத் தேரிகள்ல கிடைச்ச சின்னச்சின்ன கல் ஆயுதங்களைப் பத்தி ஸாய்னர், ஆல்சின்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 1956-லேயே எழுதியிருக்காங்க. நாம ரீல்ஸ் எடுக்கிற மேட்டுல பல ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தன் உக்காந்து கல்லு செதுக்கியிருக்கான்.

தேரி ரிசர்வ் காடு. அனுமதி இல்லாம ராத்திரி உள்ளே போகக் கூடாது, நாங்களும் போகல. ஓரத்துல ஃப்ரெண்டோட மாமாவுக்குப் பனந்தோப்பு இருக்கு, அங்கதான் பாய் விரிச்சோம். மாமா பனையேறி. உடன்குடி கருப்பட்டின்னு நீங்க வாங்கித் திங்கிறதெல்லாம் இவங்களை மாதிரி ஆட்கள் விடியறதுக்கு முன்னாடி மரம் ஏறி இறக்கின பதநீர்தான்.

ஏழரை மணிக்கு நல்லா இருட்டியிருக்கணும். இருட்டல. ஏன்னா தோப்பு நடுவுல மாமா ஒரு எல்இடி ஃபோகஸ் லைட் போட்டிருந்தாரு. வெள்ளைன்னா அப்படி ஒரு வெள்ளை. பாதி வெளிச்சம் பனை மண்டைக்கு மேல வானத்துக்குப் போகுது.

"அண்ணாச்சி, ஒரு ரெண்டு மணி நேரம் அணைச்சுக்கலாமா?"ன்னு கேட்டேன்.

"பன்னி வருதே தம்பி. நீங்க ஒரு ராத்திரி பார்த்துட்டுப் போயிருவீங்க. நாளைக்குத் தோட்டத்தை யாரு பாக்கது?"

நியாயம்தானே? இருட்டு வேணும்னு பெங்களூர்ல இருந்து வந்து கேக்கிறவன் ஒருத்தன், வெளிச்சம் இல்லாம காலங்காலமா இருந்துட்டு இப்பதான் லைட்டு போட்டவரு ஒருத்தரு. அணைக்கச் சொல்ற உரிமை எனக்கு இல்ல. ஆனா மேல போற வெளிச்சம் பன்னியை விரட்டாது, இல்லியா? அதை மட்டும் அவர்கிட்ட சொன்னேன். கொஞ்ச நேரம் லைட்டையே பார்த்தாரு. அப்புறம் ஒரு பழைய எண்ணெய் டின்னை எடுத்து அருவாளால வெட்டி, மூடி மாதிரி வளைச்சாரு. நாங்க ஏணி பிடிச்சோம். லைட்டைக் கீழே சாய்ச்சு, டின்னை மேல கவுத்தாச்சு. "ஏலே, தரையில இப்பதான்டே நல்லா விழுது"ன்னாரு மருமகன்கிட்ட.

அப்புறம் தோப்போட இருட்டு மூலைக்குப் போய்ப் படுத்தோம். கண்ணு பழக இருபது நிமிஷம் ஆச்சு. அப்போ வந்துச்சு பாருங்க வானம்!

நம்ம ஊர் 8.5 டிகிரி வடக்கு. அதனால திருவாதிரை நட்சத்திரம் ஏறக்குறைய நட்டுக்குத்தா தலைக்கு மேல வரும். 2019 கடைசியில மங்கிப் போச்சே, வெடிக்கப் போகுதுன்னுகூட நியூஸ்ல சொன்னாங்களே, அதே சிவப்பு நட்சத்திரம்தான். அது கக்கின தூசிதான் மறைச்சிருக்குன்னு பின்னாடி கண்டுபிடிச்சாங்க. கீழே சிவப்பு மணல், நேர் மேல அது. ஒன்பது மணி சுமாருக்கு நேர் தெற்கே அகத்திய நட்சத்திரம். கையை நீட்டி முஷ்டியை மடக்கினா ஒரு முஷ்டி சுமார் 10 டிகிரி. தொடுவானத்துல இருந்து மூணு முஷ்டி எண்ணினா அகத்தியர். இதே டெல்லில ஒரு முஷ்டிகூட வராது. தாமிரபரணியைக் கொண்டு வந்தவர்னு ஊரே சொல்ற பொதிகை முனிவர், நமக்குத்தான் இவ்வளவு உயரத்துல நிக்கிறார். துருவ நட்சத்திரமோ வடக்கே பனைமரத்துக்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்கு.

கிழக்கே அடிவானம் மட்டும் மஞ்சளா மங்கலா இருந்துச்சு. அது திருச்செந்தூர் வெளிச்சம். கொஞ்சம் தெற்கே குலசேகரன்பட்டினம், 2024 பிப்ரவரி 28 அன்னைக்கு ராக்கெட் தளத்துக்கு அடிக்கல் நாட்டின ஊரு. ஸ்ரீஹரிகோட்டாவுல இருந்து தெற்கே ஏவினா இலங்கையைச் சுத்தி வளையணும், இங்கிருந்து நேரா போயிடலாம். எனக்குச் சந்தோஷம்தான், வேலையும் வரும், ரோடும் வரும். ரோட்டோட லைட்டும் வரும். அந்த ஒவ்வொரு லைட்டுக்கும் தொழிற்சாலையிலேயே ஒரு மூடி வச்சு அனுப்பினா என்ன செலவாகிடும்னுதான் இப்போ யோசிச்சுட்டிருக்கேன்.

நீங்க போறதா இருந்தா அமாவாசையை ஒட்டிப் போங்க. காட்டுக்குள்ள போகணும்னா வனத்துறைகிட்ட முதல்ல கேளுங்க. டார்ச்சுல சிவப்பு பேப்பர் ஒட்டிக்கோங்க. மூணு மணிக்கு அலாரம் வைங்க, பிப்ரவரின்னா தெற்குச் சிலுவை அப்பதான் உச்சிக்கு வரும். நாங்க வச்சோம். எழுந்து பார்த்துட்டு மறுபடி படுக்கப் போறப்போ மாமா இடுப்புல கலயத்தைக் கட்டிட்டு முதல் மரத்துக்கு நடந்துட்டிருந்தாரு.