மலடி என்னும் பழிச்சொல்

(நமது சங்க மாதக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



சபையிற் பேசக் கூசும் பொருளாயினும், நம் குடும்பங்களின் நலங் கருதி இன்று பேசத் துணிந்தோம்.

மலடி என்னும் சொல்லோடு மலடன் என்னும் ஆண்பாற் சொல்லும் தமிழில் உண்டு. ஆயினும், நம்மவர் நாவில் வழங்குவது பெண்பாற் சொல் ஒன்றே. மணமாகி ஓராண்டு கழியுமுன்னரே மருமகளைக் கோயிலுக்கும் மருத்துவமனைக்குமாக அலைக்கழிக்கின்றோம். மகனை வைத்தியரிடம் அனுப்ப மனங் கொள்ளோம். பிள்ளைப்பேறு வாய்க்காத தம்பதிகளுள் ஏறக்குறையப் பாதிப்பேரிடத்து, ஆணின் குறை தனித்தோ பெண்ணின் குறையோடு கூடியோ காரணமாகின்றதென மருத்துவ நூலார் கூறுகின்றனர்.

ஆண்மை வேறு; கருவளம் வேறு. திடகாத்திரமான ஆடவன் விந்திலும் உயிரணு ஒன்றேனும் இல்லாதிருத்தல் கூடும். அதனைப் பரிசோதனையே காட்டவல்லது.

அப்பரிசோதனையோ மிக எளிது. 2 நாட்களுக்குக் குறையாமலும் 7 நாட்களுக்கு மேற்படாமலும் பிரமசரியங் காத்து, பரிசோதனைச் சாலையின் தனியறையில் விந்தைத் தூய கலத்திற் சேர்த்துக் கொடுத்தல் வேண்டும். அதன் அளவு, அணுக்களின் எண்ணிக்கை, இயக்கம், வடிவம் ஆகியவற்றை நோக்குவர். உலக சுகாதார ஸ்தாபனத்தின் 2021-ஆம் ஆண்டுக் கையேட்டின்படி, ஒரு மில்லிலிட்டரில் 1 கோடியே 60 லட்சம் அணுக்கள் என்பது கீழெல்லை. நூற்றுக்கு 42 அசைதல் வேண்டும். இவ்வெல்லைக்குக் குறைந்தோர் அனைவரும் மகப்பேறற்றவர் அல்லர். அணு விளைய ஏறக்குறைய 74 நாட்கள் செல்லும். இடையிற் கடுங்காய்ச்சல் கண்டாலும் எண்ணிக்கை குறையும். ஆதலின், குறை காணின் மீண்டும் பரிசோதித்தே முடிவு செய்வர். பின்னர் ஹார்மோன் அளவையும், விரைப்பையின் நாளப்புடைப்பு முதலியவற்றையும் ஆராய்வர். இவற்றுட் சில சிகிச்சையால் தீரும்.

பெண்ணுக்குரிய சோதனைகளோ, கருக்குழாயில் மருந்து செலுத்திப் படம் பிடித்தலும், வயிற்றில் துளையிட்டு நோக்குதலுமெனக் கடியன. எளியதை விடுத்துக் கடியதை முதலிற் செய்தல் அறிவுடைமையோ?

பிள்ளையில்லை என்று மகனுக்கு மறுமணம் பேசும் வீடுகளும் உள. முதல் மனைவி இருக்க மற்றொருத்தியை மணத்தல் 1955-ஆம் ஆண்டின் இந்து விவாகச் சட்டப்படி செல்லாது. அன்றியும், குறை மகனிடத்ததாயின் இரண்டு பெண்களின் வாழ்வு பாழாகும்.

தாய்மார்களே! ஓராண்டு கழிந்தும் கரு உண்டாகாவிடின், மருமகளுக்கு முப்பத்தைந்து வயது கடந்திருப்பின் ஆறு மாதத்திலேயே, மகனையும் மருமகளையும் ஒருசேர வைத்தியரிடம் அனுப்புங்கள். அச்சோதனை முடியுமட்டும் அப்பெண்ணை ஒரு சொல்லும் சொல்லற்க.