அடியில் தங்கும் பாகு



ஒடிசா மாநிலம் கஜபதி மாவட்டத்தில் கிஞ்ச்லிங்கி என்று ஒரு மலைக்கிராமம். புங்க மரத்தை அந்தப் பக்கம் கரஞ்சா என்பார்கள். 2004-ஆம் ஆண்டு அந்த ஊரில் விதை எண்ணெயில் பயோடீசல் செய்து தண்ணீர் பம்பை ஓட்டினார்கள்.

எண்ணெயோடு மெத்தனாலும் காஸ்டிக் சோடாவும் சேர்த்தால் மேலே டீசல் நிற்கும். அடியில் பழுப்பாகப் பாகு தங்கும். அதில் கிளிசரின் இருக்கிறது. கொஞ்சம் சோப்பும் இருக்கிறது. கொட்டிவிட வேண்டாம்.

ஆனால் பொறுங்கள்! அதில் மெத்தனாலும் கலந்திருக்கிறது. கள்ளச்சாராயத்தில் கலந்து கண்ணைப் பறிக்கிறதே, அதே விஷம்தான். வீட்டு அடுப்பில் வைத்தால் குப்பென்று தீப்பிடிக்கும். டீசல் செய்கிறவர்களே அதை மூடிய கலத்தில் வடித்துப் பிரித்துத் தர வேண்டும். "பிரித்தாயிற்றா?" என்று கேட்டு வாங்குங்கள். கூச்சப்பட வேண்டாம்.

பிறகு காஸ்டிக் சோடாவைத் தண்ணீரில் போட்டுக் கரையுங்கள். சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது; கொதித்துத் தெறிக்கும். கையுறை, கண்ணாடி கட்டாயம். அலுமினியப் பாத்திரம் ஆகாது, அரித்துவிடும். சோடாவின் அளவைப் பயிற்சி தருபவரிடம் கேளுங்கள். பாகில் சேர்த்துக் கலக்கி, கெட்டிப்பட்டதும் அச்சில் ஊற்றுங்கள். நாலு வாரம் காயட்டும்.

நிறம் கறுப்புத்தான். எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கை கழுவலாம், துணி துவைக்கலாம். முகத்துக்கு வேண்டாம்.