'நாங்கள்' என்ற சொல்லும் நேர்முகப் பரீட்சையும்

(நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற தொழில் வழிகாட்டல் அமர்வில், ஒரே உயர்தர வகுப்பைச் சேர்ந்த பழைய மாணவிகள் மூவர் சேர்ந்து வழங்கிய உரை)



நாங்கள் மூவரும் இந்த மண்டபத்தில் கடைசியாக ஒன்றாக நின்றது உயர்தரப் பரீட்சை முடிந்த அன்று. இன்று ஒருத்தி கொழும்பிலும், ஒருத்தி சிங்கப்பூரிலும், ஒருத்தி டொரொண்டோவிலும் மென்பொருள் பொறியியலாளர்களாக வேலை செய்கிறோம். சிரேஷ்ட பொறியியலாளர் பதவிக்கான நேர்முகப் பரீட்சைக்கு எப்படித் தயாராவது என்று தங்கைமாருக்குச் சொல்லும்படி சங்கத்தார் கேட்டார்கள். அந்தப் பரீட்சையில் தோற்றும் இருக்கிறோம், தேறியும் இருக்கிறோம். இப்போது மேசைக்கு மறுபக்கம் இருந்து கேள்வியும் கேட்கிறோம். ஆகவே சம்மதித்தோம்.

முதலில் அந்தப் பதவி என்னவென்று பார்ப்போம். எங்கள் இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் இறப்பர் பால் வெட்டுகிறவர்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். புதிதாக வந்தவர் பட்டையில் எவ்வளவு ஆழம் வெட்டுவது என்று பழகுவார். அனுபவசாலி விடியும்போதே வானத்தைப் பார்த்து, இன்று வெட்டினால் மழை வந்து சிரட்டைப் பாலைக் கழுவிப் போய்விடுமா என்று யோசிப்பார். மென்பொருளிலும் இதே வித்தியாசந்தான். இளநிலையில் இருப்பவர் சொன்னதைச் சரியாகச் செய்தால் போதும். சிரேஷ்டர் என்ன செய்வது, எதைச் செய்யாமல் விடுவது என்று தீர்மானித்து, அதன் பலனுக்கும் பொறுப்பேற்க வேண்டும். ஆகவே அந்த அறையில் கேட்கப்படும் கேள்விகள் எல்லாம், நீங்கள் எப்படித் தீர்மானிக்கிறீர்கள் என்பதைத் தெரிந்துகொள்வதற்கே.

எங்களில் ஒருத்தியின் முதல் தோல்வி இது. அவள் வேலை செய்த இடத்தில், பெரிய நிறுவனமொன்றின் சம்பளப் பட்டியலைத் தயாரிக்கும் மென்பொருள் மாத இறுதியில் ஒன்பது மணிநேரம் ஓடியது. இரண்டு இரவு விழித்திருந்து காரணத்தைக் கண்டுபிடித்தவள் அவள்தான். அந்த நிரல் ஒவ்வொரு ஊழியருக்காகவும் தரவுத்தளத்திடம் தனித்தனியே போய்வந்தது. லயத்தில் இருபது வீட்டுக்கு அரிசி வாங்க, வீட்டுக்கொரு முறை கடைக்கு நடப்பது போல. ஒரே நடையில் மொத்தமாக வாங்கி வரும்படி மாற்றினாள். ஒன்பது மணிநேரம் நாற்பது நிமிடமானது.

நேர்முகப் பரீட்சையில் அவள் சொன்னது: "நாங்கள் பார்த்தோம், நாங்கள் கண்டுபிடித்தோம், நாங்கள் மாற்றினோம்." கேட்டவர், "இதில் உங்கள் பங்கு என்ன?" என்றார். "எல்லோரும் சேர்ந்துதான் செய்தோம்" என்றாள். பண்பாகச் சொன்ன பதில். ஆனால் பொய். தொழில்நுட்ப அறிவு நன்று, தலைமை தாங்குவார் என்று தோன்றவில்லை என்று மறுமொழி வந்தது.

ஏன் அப்படிச் சொன்னாள் என்று மூவரும் பல நாள் பேசினோம். 'நான்' என்று தொடங்கினாலே "பெருமை பேசாதே" என்று அடக்கப்பட்ட பிள்ளைகள் நாங்கள். பிரட்டுக்களத்தில் பேர் கூப்பிட்டாலும் கூட்டமாகவே மலையேறிய தாய்மாரின் பிள்ளைகள். அந்தக் கூட்டுறவு எங்களை வாழ வைத்தது, அதை விடச் சொல்லவில்லை. ஆனால் உங்களைத் தெரியாத ஒருவர், நீங்கள் சொல்வதை மட்டுமே வைத்துத் தீர்ப்பெழுதும் அந்த ஒரு மணிநேரத்தில், செய்தது யார் என்று சொல்லாவிட்டால், செய்தவள் அங்கே இல்லாமலே போய்விடுகிறாள்.

ஆகவே தயாரிப்பின் முதல் வேலை ஒரு அப்பியாசக் கொப்பி. உங்கள் வேலையிலிருந்து ஆறு சம்பவங்களை எழுதுங்கள். ஒரு கடினமான பிழை, ஒரு பெரிய தீர்மானம், சக ஊழியருடன் வந்த கருத்து வேறுபாடு, இளையவர் ஒருவருக்குக் கற்பித்தது, உங்கள் தவறால் நேர்ந்த கஷ்டம், முடியாது என்று மறுத்த ஒரு வேலை. ஒவ்வொன்றிலும் நிலைமை என்ன, நான் செய்தது என்ன, விளைவு எண்ணில் எவ்வளவு, இன்று செய்தால் எதை மாற்றுவேன் என்று எழுதுங்கள். முதலில் தமிழில் எழுதுங்கள், உண்மை தெளிவாக வரும். பிறகு ஆங்கிலத்தில் வாய்விட்டுச் சொல்லுங்கள். மனதுக்குள் சொல்லிப் பார்ப்பது பயிற்சியாகாது. தோழி ஒருத்தியை எதிரில் உட்கார வைத்து, நீங்கள் 'நாங்கள்' என்னும் ஒவ்வொரு தடவையும் மேசையில் தட்டச் சொல்லுங்கள். எங்கள் வீட்டு மேசை நிறையத் தட்டு வாங்கியது!

இரண்டாவது, நிரல் எழுதும் சுற்று. ஜோர்ஜ் போல்யா என்ற கணித மேதை 1945இல் வெளியிட்ட நூலில் நான்கு படிகளைச் சொன்னார். கணக்கை விளங்கிக்கொள், திட்டமிடு, செய், திரும்பிப் பார். பலர் மூன்றாவது படியில் தொடங்குகிறார்கள். சிரேஷ்டர் முதலாவதிலும் நான்காவதிலும்தான் தெரிவார். ஓர் உதாரணம்: அகர வரிசையில் 1000 பேர் உள்ள செக்றோலில் ஒரு பெயரைத் தேடுவதானால் நடுவில் திறந்து, முன்பாதியா பின்பாதியா என்று பார்த்து, பாதி பாதியாகக் குறைத்தால் பத்துத் தடவைக்குள் கிடைத்துவிடும். முதலாம் வருடப் பாடம் இது. ஆனால் ஜாவா மொழியின் நூலகத்திலேயே இந்தத் தேடலில் ஒரு பிழை சுமார் ஒன்பது வருடம் ஒளிந்திருந்ததை 2006இல் ஜோஷுவா புளொக் எழுதினார். இரண்டு எல்லைகளையும் கூட்டி இரண்டால் வகுக்கும்போது, பட்டியல் நூறு கோடியைத் தாண்டினால் கூட்டுத்தொகை எண்ணின் கொள்ளளவை மீறிவிடும். நிரலை எழுதிவிட்டு "இது எங்கே உடையும்?" என்று நீங்களாகவே கேட்டு விடை சொல்லுங்கள். அங்கேதான் புள்ளி கூடும்.

மூன்றாவது, முறைமை வடிவமைப்புச் சுற்று. "அனர்த்தத்தில் காணாமற்போனோரைப் பதிவு செய்ய ஒரு முறைமை அமையுங்கள்" என்று கேட்கலாம். இது நமக்குப் புதிதல்ல. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இலங்கைத் தொண்டர்கள் இதற்காகவே 'சஹனா' என்ற திறந்த மூல மென்பொருளை எழுதினார்கள். 2005 பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் 2010 ஹெயிட்டியிலும் அது பயன்பட்டது. 2016 மே 17இல் அரநாயக்கவில் மலை சரிந்ததை நாமெல்லோரும் மறக்கவில்லை.

அந்தக் கேள்விக்கு உடனே பெட்டி பெட்டியாகப் படம் வரையாதீர்கள். எத்தனை பேர் பாவிப்பார்கள், தொடர்பு அறுந்தால் தகவல் எங்கே தங்கும், யார் பார்க்கலாம் என்று முதலில் கேளுங்கள். பிறகு, ஒருவரை எதைக்கொண்டு அடையாளம் காண்பது? தேசிய அடையாள அட்டை இலக்கம் என்று பலர் சட்டென்று சொல்வார்கள். 2016 முதல் அது 12 இலக்கம். பழையது ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும். இரண்டும் பாவனையில் இருப்பதால், ஒருவரே இருவராகப் பதியலாம். சிறு பிள்ளைகளுக்கு அட்டையே இல்லை. அட்டை எடுக்காமலே முதுமையடைந்த பாட்டிமார் தோட்டத்தில் இருந்ததை நாம் பார்த்திருக்கிறோம். அட்டை இல்லாதவர் பதிய முடியாது என்று அமைத்தால், மண்ணுக்குள் போனவர் பட்டியலிலும் இல்லாமற் போவார். இன்னொன்று, நமது பெயர்கள். பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் ஒன்று, பாடசாலையில் ஒன்று, செக்றோலில் இன்னொன்று என்று எழுத்து மாறிக் கிடந்ததால் எத்தனை தடவை கச்சேரிக்கு நடந்தோம்! மூன்று மொழியில் மூன்று விதமாக எழுதிய பெயர் ஒருவரையே குறிக்கலாம் என்பதை எந்தப் புத்தகமும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நாம் பட்ட கஷ்டம் அந்த அறையில் அறிவாகிறது. அதைச் சொல்லுங்கள்.

இனிச் சில சிறு விடயங்கள். ஆறு வாரமாவது ஒதுக்குங்கள். ஒரு நாளுக்கு ஒரு மணிநேரம் போதும், ஆனால் விடாமல் செய்யுங்கள். கேள்வி விளங்காவிட்டால் திரும்பக் கேளுங்கள். யோசிக்க ஒரு நிமிடம் வேண்டுமென்று சொல்லுங்கள், அது குறையல்ல. ஆங்கில உச்சரிப்புக்காக வெட்கப்படாதீர்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, எப்படித் தேடுவேன் என்றும் சொல்லுங்கள். முடிவில் நீங்களும் கேளுங்கள்: நள்ளிரவில் முறைமை விழுந்தால் யார் எழும்ப வேண்டும், பிரசவ விடுமுறை முடிந்து வருபவருக்கு அதே பொறுப்பு கிடைக்குமா? சம்பளம் பேசும்போது, இப்போது வாங்குவதை வைத்துக் கேட்காமல், அந்தப் பதவியின் பெறுமதியை விசாரித்து அறிந்து கேளுங்கள்.

"எந்த ஊர்?" என்றும் கேட்பார்கள். ஒரு காலத்தில் நாங்கள் "இரத்தினபுரிப் பக்கம்" என்று மழுப்பினோம். தோட்டத்தின் பெயர் வாயில் வராது. இன்று மூவரும் தோட்டத்தின் பெயரையும், இந்தப் பாடசாலையின் பெயரையும் சேர்த்தே சொல்கிறோம்.

அந்தத் தோழிக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். இன்னும் இரண்டு இடத்தில் தோற்றாள். நான்காவது இடத்தில் அதே சம்பளப் பட்டியல் கதையை, "நான் இரண்டு இரவு தேடினேன், நான் கண்டுபிடித்தேன், அணியினர் பரிசோதித்துத் தந்தார்கள்" என்று சொன்னாள். அதில் ஒரு சொல்லும் பெருமையில்லை, எல்லாம் நடந்தது. அந்த வேலை கிடைத்தது.

இந்த மேடையில் மட்டும் 'நாங்கள்' என்றே பேசினோம். எங்களைப் படிக்க வைத்ததும், பஸ் காசு சேர்த்துத் தந்ததும், தோற்றபோது இரவில் தொலைபேசியில் கூட இருந்ததும் ஒரு கூட்டம்தான். அதனால் ஒரு வாக்குறுதியுடன் முடிக்கிறோம். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு, இணையவழியில் தங்கைமாருக்கு மாதிரி நேர்முகப் பரீட்சை நடத்துவோம். பெயரைச் சங்கச் செயலாளரிடம் கொடுங்கள். அடுத்த மாதம் நேர்முகம் இருக்கிறது என்று காலையில் எங்களிடம் பயந்துகொண்டே சொன்ன தங்கை, தேநீர் முடிந்ததும் எங்களிடம் வரவும். கொப்பியும் கொண்டு வரவும். மேசை தயாராக இருக்கிறது.