மிலான் கன்னியர் மடக் கோயிலின் நடுச்சுவர்



இந்தக் கருத்தரங்கின் தலைமையை ஏற்கும்படி அமைப்புக் குழுவினர் கேட்டபோது மகிழ்ச்சியும் தயக்கமும் சேர்ந்தே வந்தன. மறுமலர்ச்சிக் காலக் கலையில் நெடுங்காலம் உழைத்தவர்கள் முன்வரிசையிலேயே அமர்ந்திருக்கிறீர்கள். உங்கள் முன்னால் சொல்லும் ஒவ்வொரு வரிக்கும் சான்று இருக்க வேண்டும் என்ற கவலையோடுதான் இந்த உரையை எழுதினேன்.

'தேவாலய உள்ளிடமும் அலங்காரமும்' என்பது நம் பொருள். ஒற்றைக் கூடக் கோயில்கள், ஈரச்சாந்தில் வரையும் ஃப்ரெஸ்கோ முறை, புரவலர் குடும்பங்களின் பங்கு, கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கம் கொண்டுவந்த மாற்றங்கள் ஆகியவற்றை அடுத்தடுத்த அமர்வுகள் விரிவாக ஆராயப் போகின்றன. அவற்றின் சுருக்கத்தை நான் முன்கூட்டிச் சொல்வதால் பயனில்லை. ஒரே ஒரு கட்டடத்தை எடுத்துக்கொள்கிறேன். அதிலும் ஒரு சுவரைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

மிலான் நகரின் மொனாஸ்தெரோ மஜோரே, ஆசீர்வாதப்பர் சபைக் கன்னியரின் பெருமடம். அதன் கோயிலான சான் மவுரிசியோவின் கட்டுமானம் 1503இல் தொடங்கியது. கட்டடக் கலைஞராக ஜான் ஜாக்கொமோ தொல்செபுவோனோவின் பெயரைச் சொல்வது வழக்கம். முகப்பு பல பத்தாண்டுகள் கழித்தே முடிந்தது. சாம்பல் நிறக் கல்லால் ஆன அந்த முகப்பைக் கடந்து உள்ளே போனால் தரையிலிருந்து கூரை வரை வண்ணம். இவையெல்லாம் நீங்கள் அறிந்தவை. நீளமான அந்த ஒரே கூடத்தை ஒரு குறுக்குச் சுவர் இரண்டாகப் பிரிக்கிறது என்பதும் அறிந்ததே. முன்பகுதி பொதுமக்களுக்கு, பின்பகுதி கன்னியருக்கு. பின்பகுதியே பெரியது. அடைப்பு வாழ்வை ஏற்ற கன்னியர் மக்கள் கூடும் பகுதிக்கு வரக்கூடாது. திருப்பலியைக் கிராதி வழியாகவே கண்டார்கள்.

இந்தச் சுவர் யாருடையது? 'திரெந்துவின் பிள்ளை' என்று நம் துறையில் ஒரு வழக்கு நிலைத்துவிட்டது. 1563இல் பொதுச்சங்கம் கன்னியர் மடங்களின் அடைப்பை இறுக்கியது; மிலான் பேராயர் கர்தினால் கார்லோ பொரோமியோ அதைக் கடுமையாக நடைமுறைப்படுத்தினார்; ஆகவே சுவர் எழுந்தது என்று வரிசைப்படுத்துகிறார்கள். நான் பெரிதும் மதிக்கும் நண்பர்கள் சிலர் இதே கருத்தை எழுதியிருக்கிறார்கள். முன்பொரு கருத்தரங்கில் நான் இதை மறுத்தபோது, காலவரிசை அவ்வளவு முக்கியமில்லை என்று பதில் வந்தது. அன்று நேரம் முடிந்துவிட்டதால் விவாதம் நின்றுபோனது. இன்று அதைத் தொடர்கிறேன்.

காலவரிசை முக்கியம்தான். இந்தச் சுவரின் இரு முகங்களிலும் பெர்னர்தீனோ லுயீனி வரைந்திருக்கிறார். அவர் இறந்தது 1532இல். பொரோமியோ பிறந்ததோ 1538இல். பிறக்காத பேராயர் ஒருவரின் ஆணையால் சுவர் எழுந்திருக்க முடியாது. 1298இலேயே திருத்தந்தை எட்டாம் போனிஃபாஸ் கன்னியருக்கு அடைப்பை விதித்துவிட்டார். பதினைந்தாம் நூற்றாண்டின் துறவறச் சீர்திருத்த அலையும் அதை வலியுறுத்தியது. மிலானின் கன்னியர், திரெந்துவுக்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, தங்கள் வாழ்வுக்கு ஏற்ற கோயிலைக் கட்டத் தொடங்கிவிட்டார்கள்.

இங்கே, நாம் அடிக்கடி மேற்கோள் காட்டியும் போதிய அளவு படிக்காத ஒரு நூலை நினைவூட்ட வேண்டும். 1577இல் பொரோமியோ லத்தீனில் வெளியிட்ட கோயில் கட்டட, தட்டுமுட்டு விதிநூலைச் சொல்கிறேன். பலிபீடம், ஞானஸ்நானத் தொட்டி, பாவசங்கீர்த்தனத் தொட்டி என்று தேவைப்பட்ட பக்கங்களை மட்டும் புரட்டுகிறோம். கன்னியர் கோயிலுக்கென்று அதில் தனி அதிகாரமே இருக்கிறது. வெளிக்கோயிலையும் உட்கோயிலையும் பிரிக்கும் சுவர், பலிபீடத்துக்கு மேலே இரும்புக் கிராதியிட்ட சாளரம், நற்கருணை வாங்க ஒரு சிறு சாளரம் என்று எல்லாம் அங்கே விதியாகின்றன. அந்த அதிகாரத்தைப் படித்துவிட்டு சான் மவுரிசியோவுக்குள் நுழைந்தால் விதி முதலில் வந்ததா, கட்டடம் முதலில் வந்ததா என்ற கேள்வி தானாக எழும். என் பதில் உறுதியானது: பெண்கள் ஏற்கெனவே கட்டி வாழ்ந்திருந்ததைத்தான் பேராயர் சட்டமாக எழுதினார்.

இனி சுவரின் முன்முகம். பலிபீடத்தின் இரு பக்கமும் மேலே மண்டியிட்டிருப்பவர்கள் அலெசாந்த்ரோ பென்திவோலியோவும் அவர் மனைவி இப்போலிதா ஸ்ஃபோர்சாவும். பொலோனியாவின் ஆட்சியை 1506இல் இழந்து வெளியேறிய குடும்பம் அது. அவர்களுடைய மகள் அலெசாந்த்ரா இதே மடத்தில் கன்னியானார். பின்னர் மடத்தலைவியாகவும் இருந்தார். பெற்றோரின் உருவங்கள் பொதுமக்கள் பார்க்கும் பக்கத்தில்; மகளின் வாழ்வோ அதே சுவரின் பின்பக்கத்தில். இந்த ஓவியங்களைக் குடும்பப் பெருமையின் அடையாளம் என்று மட்டும் எழுதிவிட்டுப் போவது எனக்கு ஏற்புடையதாக இல்லை. மகள் வாழும் இடத்தின் வாசலில் பெற்றோர் மண்டியிட்டிருக்கிறார்கள். கொடை யாருக்காக என்பதை அந்த இடமே சொல்லிவிடுகிறது.

முன்பகுதியின் வலப்புறத்தில் பெசோத்சி சிற்றாலயம் இருக்கிறது. 1530இல் லுயீனி வரைந்த அலெக்சாந்திரியா புனித கத்தரீனின் காட்சிகள் அங்கே உள்ளன. தலை வெட்டப்படக் காத்து மண்டியிட்டிருக்கும் கத்தரீனின் முகம் ஷாலாந்த் பிரபுவின் மனைவி பியாங்கா மரியாவுடையது என்ற கதையைக் கேட்காதவர் இங்கே இருக்கமாட்டீர்கள். கொலைக்குத் தூண்டினார் என்ற குற்றத்துக்காக 1526இல் மிலானில் அவர் தலை வெட்டப்பட்டது. கதைக்கு ஆதாரம் சிறுகதையாளர் மத்தேயோ பந்தெல்லோ. அவரை எளிதில் தள்ள முடியாது. தம் முதல் சிறுகதையையே இப்போலிதாவுக்குக் காணிக்கையாக்கியவர், பென்திவோலியோ குடும்பத்தை நெருங்கி அறிந்தவர். ஆனால் அவர் எழுதியது என்ன? அவள் முகத்தைப் பார்க்க விரும்புகிறவர்கள் மொனாஸ்தெரோ மஜோரே கோயிலுக்குப் போகலாம், அங்கே அவள் வரையப்பட்டிருக்கிறாள் என்ற அளவோடு நிறுத்திக்கொண்டார். எந்தச் சிற்றாலயம், எந்தப் புனிதை என்று சொல்லவில்லை. வெட்டுண்ட பெண்ணுக்கும் வெட்டுண்ட புனிதைக்கும் முடிச்சுப் போட்டது பின்னால் வந்தவர்களின் ஆசை. அந்த ஆசைக்குப் பலியானது சிற்றாலயத்தின் மற்ற ஓவியங்கள் மட்டுமல்ல. சுவருக்குப் பின்னால் இருக்கும் முழுக் கோயிலும்தான். 1862இல் ஆங்கிலக் கலை விமர்சகர் ரஸ்கின் இங்கே லுயீனியின் கத்தரீன் ஒன்றை நீர்வண்ணத்தில் பிரதியெடுத்தது முதல் ஆங்கிலம் படிக்கும் நம் கண்களும் கத்தரீன் என்ற பெயரிலேயே தங்கிவிட்டன.

பின்பக்கம் போவோம். முன்பக்கத்தில் புரவலரும் மறைசாட்சியரும் இருக்கும் அதே சுவரின் மறுமுகத்தில், கன்னியர் பார்க்கும்படி, கிறிஸ்துவின் பாடுகள் விரிகின்றன. சிற்றாலயங்களுக்கு மேலே ஓடும் மாடத்தில் பெண் புனிதைகளின் அரையுருவங்கள் வரிசையாக இருக்கின்றன. லியொனார்தோவின் மாணவர் போல்த்ராஃபியோவின் கைவண்ணமாக அவற்றைக் கருதுகிறார்கள். வெளியிலிருந்து வரும் எவர் கண்ணிலும் படாத உயரத்தில், பெண்கள் மட்டும் நடக்கும் மாடத்தில், பெண்களின் முகங்கள். இது தற்செயல் அல்ல. என்ன வரைய வேண்டும் என்று மடத்துக்குள் யோசித்தவர்கள் இருந்திருக்கிறார்கள். நோவாவின் பேழையை லுயீனியின் மகன் அவுரேலியோ வரைந்ததும் இந்தப் பக்கத்தில்தான். தந்தையின் மென்மை மகனிடம் இல்லை என்று ஒதுக்கும் விமர்சனத்தை எத்தனையோ முறை படித்துவிட்டேன். நாள்தோறும் பல வேளைகள் சங்கீதங்களைப் பாட ஒரே இருக்கைக்கு வந்து அமர்ந்து, ஆயுள் முழுக்க ஒரே சுவரைப் பார்க்கப் போகிறவர்களுக்கு, விலங்குகள் இணை இணையாக ஏறும் அந்த நெரிசலான ஓவியம் எவ்வளவு தந்திருக்கும் என்று அந்த விமர்சகர்கள் கேட்டுப் பார்க்கவே இல்லை.

பாடலைச் சொன்னேன். கன்னியர் பக்கத்தில்தான் 1554இல் ஜான் ஜாக்கொமோ அந்தேஞாத்தி செய்த ஆர்கன் இருக்கிறது. இன்றும் ஒலிக்கிறது. மிலான் கன்னியரின் இசை பற்றி ராபர்ட் கென்ட்ரிக் 1996இல் எழுதிய நூல், முகம் தெரியாத அந்தக் குரல்களைக் கேட்க நகரமே வெளிக்கோயில்களில் கூடியதைக் காட்டுகிறது. அப்படியானால் சுவரின் வேலை பிரிப்பது மட்டுமல்ல. கண்ணை மறித்துக் காதைத் திறந்த சுவர் அது. கட்டடக் கலை வரலாற்றார் இசை வரலாற்றாரின் நூலைத் திறக்காததால் நாம் இழந்தது அதிகம்.

முகப்பின் உள்சுவரில் 1573இல் வரைந்த பெத்தெர்சானோ, கரவாஜோவின் ஆசான். அவரைப் பற்றித் தனிக் கட்டுரை வருவதால் தொடாமல் விடுகிறேன்.

1798இல் மடம் கலைக்கப்பட்டது. அதன் கட்டடங்களில் இப்போது மிலானின் தொல்லியல் அருங்காட்சியகம் இயங்குகிறது. சுவரில் உள்ள வாயிலைக் கடந்து யாரும் இன்று பின்கூடத்துக்குள் போகலாம். போகிறவர்கள், தாம் நிற்பது கோயிலின் மையத்தில் என்று அறிந்து நிற்க வேண்டும். லுயீனியைப் பார்த்து முடித்தபின் எட்டிப் பார்க்கும் பின்னறையாக அதை நினைக்கக் கூடாது.

கட்டுரை வாசிக்கவிருப்பவர்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். கன்னியர் மடக் கோயில் எதைப் பற்றிப் பேசினாலும், நீங்கள் சொல்லும் ஓவியம் சுவரின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது, அதை யார் பார்த்தார்கள் என்று முதலில் சொல்லிவிடுங்கள். அடுத்து, லத்தீன் அறிந்த இளைய ஆய்வாளர்கள் பொரோமியோவின் அந்த அதிகாரத்தைத் தமிழில் தர முன்வாருங்கள். அடுத்த கருத்தரங்கு அந்த மொழிபெயர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்கட்டும்.