எண்ணெயைத் தின்னும் நுண்ணுயிரிகளும் நம் ஆறும்
(ரவாங் வட்டார மூத்தோருக்கு ஆற்றிய உரை)



2020 செப்டம்பரில் குழாயில் தண்ணீர் நின்றுபோனது நினைவிருக்கிறதா? கோவிட் காலம். அடிக்கடி கை கழுவச் சொன்ன நேரத்தில், வாளியோடு தண்ணீர் லோரிக்குக் காத்து நின்றோம். நம் ரவாங்கில் ஓடும் சுங்கை கோங்கில் கலந்த தொழிற்சாலைக் கழிவின் வாடை சுங்கை சிலாங்கூர் வரை போய்விட்டது. நான்கு சுத்திகரிப்பு நிலையங்களை மூடினார்கள். சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் பத்து லட்சத்துக்கும் அதிகமான இணைப்புகளுக்குத் தண்ணீர் தடைப்பட்டது.

“எண்ணெயைத் தின்னும் கிருமி இருக்கிறதாமே, அதை ஆற்றில் விட்டால் என்ன?” என்று சிலர் கேட்கிறீர்கள். நல்ல கேள்விதான். அத்தகைய பாக்டீரியாக்கள் மண்ணிலும் கடலிலும் இயல்பாகவே இருக்கின்றன. டீசல் போன்றவற்றை உணவாக உண்டு, கரியமில வாயுவாகவும் நீராகவும் மாற்றுகின்றன. 1989இல் எக்ஸான் வால்டிஸ் கப்பலின் எண்ணெய் அலாஸ்கா கடற்கரையில் படிந்தபோது, அங்கிருந்த பாக்டீரியாக்கள் பெருகட்டும் என்று கரையில் உரமிட்டார்கள். 2017 ஜனவரியில் சென்னை எண்ணூர் அருகே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தது. அள்ளியெடுத்த எண்ணெய்ச் சேற்றைச் சுத்தப்படுத்த நுண்ணுயிரிகளைத்தான் பயன்படுத்தினார்கள்.

ஆனால் வாழைக்கடியில் போடும் குப்பை மக்குவதுபோல, இதுவும் மெதுவான வேலை. வாரங்கள், மாதங்கள் ஆகும். காற்று, ஈரம், உரச்சத்து எல்லாம் வேண்டும். ஓடுகிற ஆற்றில் அதற்கு ஏது அவகாசம்? ஈயம் போன்ற உலோகங்களையோ எந்தக் கிருமியும் தின்று தீர்க்காது.

ஆகவே பழைய எஞ்சின் எண்ணெய், தின்னர் எதையும் லோங்காங்கில் ஊற்றாதீர்கள். வீட்டில் எண்ணெய் மாற்றினால், பழையதை டப்பாவில் மூடிப் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். தொழிற்சாலைகளின் இத்தகைய கழிவைச் சட்டம் ‘அட்டவணைக் கழிவு’ என்கிறது. பள்ளிக்கூட நேர அட்டவணை போல ஒலித்தாலும், ஆபத்தான கழிவு என்றே பொருள்.

இன்னொன்று. நம்மில் பலருக்குத் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிட்டால் கவலையில்லை. கொதித்தால் கிருமி சாகும். ரசாயனம் போகும் என்று நம்ப முடியாது, ஆவியாக மூச்சிலும் ஏறும். குழாய்த் தண்ணீரில் டீசல், பெயிண்ட் வாடை வந்தால் குடிக்கவோ சமைக்கவோ குளிக்கவோ வேண்டாம். ஆயர் சிலாங்கூருக்கு 15300 எண்ணில் சொல்லுங்கள். ஆற்றிலோ லோங்காங்கிலோ வாடை வந்தால் கிட்டப் போய்ப் பார்க்காதீர்கள். சுற்றுச்சூழல் துறையை 1-800-88-2727இல் அழையுங்கள். தலைவலி, குமட்டல், கண் எரிச்சல் இருந்தால் அரசாங்கக் கிளினிக்கிற்குப் போங்கள். மூச்சுத் திணறினால் பிள்ளைகள் வேலை முடிந்து வரட்டும் என்று காத்திருக்காமல், உடனே 999.