முப்பது வருஷத்துப் பாட்டில்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



தலைப்பைக் கேட்டதும் சங்கச் செயலாளர் அண்ணன் கொஞ்சம் ஆடிப்போய்விட்டார். "பயப்படாதீங்கண்ணே, யாரையும் குடிக்கச் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுத்துத்தான் மைக்கைப் பிடித்திருக்கிறேன். வாழ்க்கையில் நான் குடித்ததே மொத்தம் ஒரு டம்ளர்தான். அந்த ஒரு டம்ளரின் கதைதான் இது.

ஸ்பெயினில் பில்பாவோ நகரில் எனக்கு இரண்டு வருஷம் வேலை. 2024-இல் நான் ஊர் திரும்பும் வாரம், ஓய்வு பெறவிருந்த எங்கள் தலைமைப் பொறியாளர் என்னை ஆரோ என்ற தம் சொந்த ஊருக்குக் கூட்டிப் போனார். ஒரு மணி நேரப் பயணம். ரியோஹா வட்டாரத்து ஒயினுக்குப் பேர்போன ஊர். 19-ஆம் நூற்றாண்டில் பிரான்சின் திராட்சைத் தோட்டங்களைப் பூச்சி அழித்தபோது, அந்நாட்டு வியாபாரிகள் சரக்குத் தேடி இங்கேதான் வந்தார்கள். ஆகவே பெரிய ஒயின் கம்பெனிகளெல்லாம் ரயிலடியைச் சுற்றியே இருக்கின்றன. அதில் குனே என்ற கம்பெனியின் பீப்பாய்க் கூடத்தில் நடுவே ஒரு தூண்கூடக் கிடையாது. சுவருக்குச் சுவர் இரும்புச் சட்டங்கள். ஐஃபெல் கோபுரத்துக்காரரின் அலுவலகம் வடிவமைத்ததாம். அண்ணாந்து பார்த்தே எனக்குக் கழுத்து வலித்துவிட்டது!

அவர் வீட்டில் இரண்டே பாட்டில்கள். 1994-இல் விளைந்த திராட்சை. நான் பிறந்த வருஷம். அவருடைய காலஞ்சென்ற அப்பா, "உன் கடைசி வேலை நாளுக்கு" என்று சொல்லி வைத்தது. "கிரான் ரிசர்வா" என்ற வகை. ஓக் மரப் பீப்பாயிலும் பாட்டிலிலுமாக ஐந்து வருஷமாவது கிடந்த பிறகுதான் கடைக்கே வரும்.

முதல் பாட்டிலைத் திறந்தார். முகர்ந்தார். பேசாமல் என்னிடம் நீட்டினார். மழையில் நனைந்த அட்டைப்பெட்டி நாற்றம்! தக்கையில் பூஞ்சையால் உண்டாகும் ஒரு ரசாயனம் இறங்கினால் இப்படித்தான் ஆகுமாம். எத்தனை பத்திரமாக வைத்திருந்தாலும் பலனில்லை. அப்படியே தொட்டியில் கொட்டினார்.

மிச்சம் ஒன்று. "சார், எனக்கு வேண்டாம். நீங்களும் அம்மாவும் குடியுங்கள்" என்றேன். "உட்கார்" என்றார்.

இரண்டு தகடு உள்ள திருகியைச் செருகி நெம்பினார். அப்படியும் தக்கை பாதியில் முறிந்தது. அடியில் வண்டல். விளக்கு வெளிச்சத்தில் கழுத்தைப் பார்த்துப் பார்த்துச் சொட்டுச் சொட்டாக ஊற்றினார். நிறம் பழைய செங்கல் மாதிரி. இளம் ஒயினில் துவர்ப்பு தூக்கலாக இருக்கும். வருஷக்கணக்கில் அந்தத் துவர்ப்புப் பொருள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து கனத்து, வண்டலாக இறங்கிவிடுகின்றன.

முதல் வாய் ஒல்லியாக, புளிப்பாக இருந்தது. இதுக்கா முப்பது வருஷம் என்று மனசுக்குள் நினைத்தேன். வெளியே சொல்லவில்லை, நல்லவேளை. கால் மணி கழித்து மறுபடி முகர்ந்தால், கொப்பரை வாசனை! சத்தியமாக நம்ம ஊர்க் கொப்பரை. அந்த வட்டாரத்தில் பழைய வழக்கப்படி அமெரிக்க ஓக் பீப்பாய்தான். அந்த மரத்தின் குணம் அது. கூடவே உலர்ந்த அத்திப்பழம், கொஞ்சம் புகையிலை. துவர்ப்பு நாக்கில் பட்டதும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை.

"அப்பாவின் சட்டைப் பை இப்படித்தான் மணக்கும்" என்றார் அவர். அவர் மனைவி எழுந்து உள்ளே போய்விட்டார்.

பழைய ஒயின் காற்றுப் பட்டால் ரொம்ப நேரம் தாங்காது. ஒரு மணி நேரத்தில் வாசனையெல்லாம் அடங்கி, வெறும் புளித்த தண்ணீராகிவிட்டது. நான் டம்ளரை வைத்துவிட்டேன். அவர் தம்முடையதைச் சொட்டு மிச்சமில்லாமல் குடித்து முடித்தார்.