மாவிழைப் பூதமும் மெய்யறிவும்

(அறிவுரை அரங்கொன்றில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் முதலில் உங்களுக்கு நகைப்பை விளைக்கும். நகையுங்கள், தடையில்லை. ஆனால், நகைத்து முடித்தபின் எண்ணுங்கள். ஏனெனில், பள்ளிக்கு வரும் பிள்ளைக்கு எதனை அறிவென்று கற்பிப்பது, எதனை நம்பிக்கையென்று ஒதுக்கி வைப்பது என்னும் பெருங்கேள்வி இந்நகைப்பின் அடியில் புதைந்து கிடக்கின்றது.

அமெரிக்க நாட்டில் கான்சசு என்பது ஒரு மாநிலம். அங்கே 2005 ஆம் ஆண்டில் மாநிலக் கல்விக் குழுவினர் ஓர் உசாவலை நடத்தினர். தார்வின் கண்டுரைத்த படிமலர்ச்சிக் கொள்கையைப் பள்ளிகளில் எவ்வாறு கற்பிப்பது என்பதே அங்கு எழுந்த வழக்கு. உயிர்களின் அமைப்பு மிக நுட்பமானது. ஆகவே அறிவுடைய ஓர் ஆற்றல்தான் அதனைத் திட்டமிட்டு ஆக்கியிருத்தல் வேண்டும் என்று ஒரு சாரார் கூறினர். இதற்கு அவர்கள் இட்ட பெயர் அறிவமைப்புக் கொள்கை. அந்த ஆற்றல் இன்னதென்று அவர்கள் பெயர் சொல்லவில்லை. பெயர் சொன்னால் அது சமயமாகிவிடும். சமயத்தை அரசுப் பள்ளியில் பாடமாக்க அந்நாட்டு அரசியலமைப்பு இடந்தராது. ஆகலின் பெயரை மறைத்துப் பொருளை மட்டும் உள்ளே நுழைக்க முயன்றனர்.

அவ்வேளையில் பாபி எண்டர்சன் என்னும் இளைஞர் அக்குழுவினர்க்கு ஒரு திறந்த மடல் எழுதினார். இவர் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பயின்றவர். மடலில் அவர் எழுதியதன் சாரம் இது: 'உலகை ஆக்கியது ஓர் அறிவுடைய ஆற்றல் என்கிறீர்கள்; நானும் ஒப்புகின்றேன். ஆனால் அது பறக்கும் மாவிழைப் பூதம் என்பது எங்கள் நம்பிக்கை. உங்கள் கொள்கைக்கு வகுப்பில் நேரம் ஒதுக்கினால், எங்கள் கொள்கைக்கும் அதே அளவு ஒதுக்குங்கள்.' மாவிழை என்று நான் குறிப்பது, நம் இடியாப்பம் போல் நீண்ட இழைகளாக இத்தாலியர் ஆக்கி உண்ணும் இசுபகெத்தி என்னும் கோதுமை மாவுணவை. அவ்விழைகளே உடலாகக் கொண்டு வானில் பறக்கும் ஒரு பூதத்தைப் படைப்புத் தெய்வமாக்கிக் காட்டினார் அவர்.

பழம்பொருள்களின் காலத்தை அறிவியலார் கரிமம் கொண்டு கணக்கிடுகின்றனரே, அதற்கு என்ன விடை என்று கேட்பீர்கள். அதற்கும் அவர் மடலில் விடை உண்டு: அறிவியலார் அளக்கும்போதெல்லாம் பூதம் தன் இழைக்கையால் அளவை மாற்றி வைத்துவிடுகின்றது! தோழர்களே, இவ்விடையை நன்றாக உற்று நோக்குங்கள். இதனை எந்தச் சான்றாலும் பொய்யென்று காட்ட முடியாது. சான்று எவ்வாறு வந்தாலும், அவ்வாறு வரச் செய்ததும் பூதமே என்று சொல்லிவிடலாம். எதனாலும் பொய்ப்பிக்க முடியாத கூற்று வலிமையுடைய கூற்றா? அன்று. எது நடந்தாலும் பொருந்துகின்ற கூற்று, எதனையும் நமக்கு அறிவிப்பதில்லை. மழை பெய்யும், அல்லது பெய்யாது என்று குறி சொல்பவன் ஒருநாளும் தோற்கமாட்டான். அவன் சொல்லை நம்பி விதைக்கவும் முடியாது.

அம்மடலில் ஒரு வரைபடமும் இருந்தது. கடந்த இருநூறு ஆண்டுகளில் கடற்கொள்ளையர் தொகை குறைந்துகொண்டே வந்தது. உலகின் வெப்பநிலை உயர்ந்துகொண்டே வந்தது. ஆகவே கொள்ளையர் குறைந்ததே வெப்பம் உயர்ந்ததற்குக் கரணியம் என்று அப்படம் காட்டிற்று. நம் ஊர்க் கிழவியர் இதனைக் 'காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது' என்று ஒரே வரியில் முடித்துவிடுவர். இரண்டு நிகழ்ச்சிகள் ஒருங்கே நிகழ்ந்தமையாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் கரணியமாகிவிடாது. இணைப்பு எவ்வாறு நிகழ்கிறது என்பதைக் காட்டியாக வேண்டும். காட்டாதவரை அது காக்கையும் பனம்பழமுமே.

இத்தகைய எள்ளல் புதியதன்று. ஆங்கில மெய்யியலறிஞர் பெர்ட்ரண்டு இரசல் 1952 ஆம் ஆண்டில் எழுதிய ஒரு கட்டுரையில் ஒரு தேநீர்க் கெண்டியைப் பற்றிக் கூறினார். நிலவுலகுக்கும் செவ்வாய்க்கும் இடையில் ஒரு பீங்கான் கெண்டி கதிரவனைச் சுற்றி வருகின்றது. எந்தத் தொலைநோக்கிக்கும் தென்படாத அளவு சிறியது என்று ஒருவன் சொன்னால், அதனை இல்லையென்று யாரால் மெய்ப்பிக்க முடியும்? முடியாது. அதனால் அதனை நம்பிவிட வேண்டுமா? இரசல் காட்டிய நெறி எளியது: உண்டு என்பவனே சான்று தரல் வேண்டும், இல்லை என்று மெய்ப்பிக்கும் சுமையைக் கேட்பவன் தலையில் ஏற்றுதல் முறையன்று. கடன் கொடுத்தேன் என்பவன்தான் முறியைக் காட்ட வேண்டும். வாங்கவில்லை என்பதற்கு எவன் முறி வைத்திருப்பான்?

சரி, எண்டர்சனின் எள்ளல் வென்றதா? கான்சசுக் கல்விக் குழு 2005 நவம்பரில் 6-க்கு 4 என்னும் கணக்கில், படிமலர்ச்சியின்மேல் ஐயத்தை விளைக்கும் பாடநெறியை ஏற்றுக்கொண்டது. அறிவியல் என்பதன் வரையறையையே மாற்றி எழுதியது. நகைப்பு உலகெங்கும் பரவிற்று. ஆயினும் குழுவின் கை தாழவில்லை. பின்னர்த் தேர்தலில் குழுவின் உறுப்பினர் மாறினர்; 2007 பிப்பிரவரியில் அதே 6-க்கு 4 கணக்கில் அந்நெறி நீக்கப்பட்டது. நகைப்பு கண்ணைத் திறக்கும். கதவைத் திறக்க உழைப்பு வேண்டும்.

அவ்வுழைப்பைக் காண நாம் பென்சில்வேனியா மாநிலத்துத் தோவர் என்னும் சிற்றூருக்குச் செல்லல் வேண்டும். அவ்வூர்ப் பள்ளிக் குழு, ஒன்பதாம் வகுப்பு உயிரியல் மாணவர்க்கு ஓர் அறிக்கையைப் படித்துக் காட்டுமாறு கட்டளையிட்டது. படிமலர்ச்சியில் இடைவெளிகள் உள்ளன. அறிவமைப்புக் கொள்கையை அறிய விரும்புவோர்க்கு ஒரு நூல் உள்ளது என்பது அவ்வறிக்கை. உயிரியல் ஆசிரியர்கள் அதனைப் படிக்க மறுத்தனர்! மெய்யென்று தாம் அறியாததனை மாணவர்முன் சொல்வதற்கு அவர்கள் நா எழவில்லை. ஆகவே, பள்ளி மேலாளர்களே வந்து 2005 சனவரியில் படித்துச் சென்றனர். பெற்றோர் பதினொருவர் வழக்குத் தொடுத்தனர்.

வழக்குமன்றத்தில் நிகழ்ந்ததைக் கருத்தூன்றிக் கேளுங்கள். அறிவமைப்பு நூலின் பழைய வரைவுப் படிகளை வழக்குரைஞர்கள் வெளிக்கொணர்ந்தனர். 1987 ஆம் ஆண்டில் அமெரிக்க உச்ச வழக்குமன்றம், படைப்புக் கொள்கையைப் பள்ளியில் கற்பிக்கச் செய்யும் இலூசியானா மாநிலச் சட்டத்தைச் செல்லாதென்று தள்ளியது. அத்தீர்ப்புக்கு முந்திய படிகளில் 'படைப்பு' என்னும் சொல் இருந்தது. பிந்திய படிகளில் ஏறத்தாழ 150 இடங்களில் அச்சொல் நீக்கப்பட்டு, 'அறிவமைப்பு' என்பது இடப்பட்டிருந்தது. ஓரிடத்தில் மாற்றியவர் கை தவறிப் பழைய சொல்லின் தலையும் வாலும் புதிய சொல்லோடு ஒட்டிக்கொண்டு கிடந்தன! பூனைக்குட்டி மூட்டையிலிருந்து தானே தலை நீட்டிற்று.

அறிவமைப்பாளர் தரப்பில் மைக்கேல் பீகீ என்னும் உயிர்வேதியியல் பேராசிரியர் சான்றுரைத்தார். அறிவியலுக்கு அவர் தரும் வரையறையைக் கொண்டால், கோள்நிலை பார்த்துக் குறிசொல்லும் கணியமும் அறிவியலாகுமே என்று வினவினர். ஆம் என்று ஒப்புக்கொண்டார். நோய்த் தடுப்பாற்றல் எவ்வாறு படிமலர்ந்தது என்பதற்கு அறிவியலில் விடையே இல்லை என்று அவர் எழுதியிருந்தார். அதுபற்றிய 58 ஆய்வுரைகளையும் ஒன்பது நூல்களையும் அவர்முன் அடுக்கினர். அவையும் போதா என்றார்.

2005 திசம்பர் 20 அன்று நடுவர் சான் சோன்சு 139 பக்கத் தீர்ப்பை வழங்கினார். அறிவமைப்பு அறிவியலன்று, சமயக் கருத்தே என்பது முடிவு. இந்நடுவர் யார்? பழமை போற்றும் குடியரசுக் கட்சியைச் சார்ந்தவர். அக்கட்சிக் குடியரசுத் தலைவரால் 2002 இல் அமர்த்தப்பெற்றவர். பெற்றோர் தரப்பில் முதற்கண் சான்றுரைத்த உயிரியலறிஞர் கென்னத்து மில்லரோ கடவுள் நம்பிக்கையுடைய கத்தோலிக்கர்! ஆகவே, இவ்வழக்கை நம்புவோர்க்கும் நம்பாதோர்க்கும் இடையில் நடந்த போர் என்று எவரேனும் சொன்னால், அது பிழை. நம்பிக்கையை நம்பிக்கை என்றும், அறிவை அறிவு என்றும் நேர்மையாகப் பெயரிட்டு அழைப்போர்க்கும், ஒன்றன் உடையை மற்றொன்றுக்கு அணிவித்து ஏய்ப்போர்க்கும் இடையில் நடந்த வழக்கே அது.

இனி எள்ளலுக்கும் ஓர் எல்லையுண்டு என்பதைக் கூறல் வேண்டும். நையாண்டியாகப் பிறந்த மாவிழைச் சமயத்தார், பிற்காலத்தில் பிற சமயத்தார் பெறும் உரிமைகளைத் தாமும் வேண்டினர். 2011 இல் ஆத்திரியர் ஒருவர், மாவிழையை நீரினின்று வடிக்கும் துளைக்கலத்தைத் தலையிற் கவிழ்த்த படத்தோடு ஓட்டுநர் உரிமம் பெற்றார். முகம் தெளிவாகத் தெரிந்தமையால் கொடுத்தோம், சமயத்துக்காக அன்று என்றனர் அலுவலர். நியூசிலாந்து அச்சமயத்தார்க்குத் திருமணம் நடத்திவைக்கும் உரிமையை வழங்கியது. 2016 இல் முதல் திருமணமும் நடந்தது. அதே 2016 இல் அமெரிக்க நெபிராசுக்காவில் சிறையாளி ஒருவர் தொடுத்த வழக்கில், இது சமயமன்று, எள்ளலே என்று தீர்ப்பாயிற்று. நெதர்லாந்து நாட்டு மன்றமும் 2018 இல் அவ்வாறே கூறியது. ஐரோப்பிய மாந்தவுரிமை மன்றம் 2021 இல் மேல்முறையீட்டை ஏற்கவில்லை.

இங்கே ஒரு முள் இருக்கின்றது. உண்மையான சமயத்துக்கும் எள்ளற் சமயத்துக்கும் உள்ள வேறுபாட்டை அளப்பது எந்தக் கோல்? கூற்றுக்குச் சான்று உண்டா என்பதா? அக்கோலை எடுத்தால் அளக்கப்பட வேண்டியவை பலவாகிவிடும். எந்த மன்றமும் அதனை எடுக்கத் துணிவதில்லை. ஆகவே, நம்புவோரின் உள்ளத்து உறுதியையும் வாழ்வில் அது கொண்டுள்ள இடத்தையும் கோலாகக் கொள்கின்றன. அக்கோலில் எள்ளல் தோற்பது இயல்பே. நகைப்பதற்காக ஆக்கியதனை உயிரினும் மேலாகப் போற்றுகின்றேன் என்று ஒருவன் எவ்வாறு சொல்வான்? ஆனால் ஒன்றை மறவாதீர்கள். ஒருவன் உறுதியாக நம்புகின்றான் என்பது அவன் உரிமைக்குச் சான்று. அவன் நம்பும் பொருளின் உண்மைக்குச் சான்றன்று. முன்னதற்காக அவனை மதிப்போம். பின்னதற்கு அவன் வேறு சான்று தரல் வேண்டும்.

ஆகவே தோழர்களே, மாவிழைப் பூதம் நமக்கு ஓர் உரைகல்லாகப் பயன்படட்டும். எவரேனும் ஒரு கொள்கையைக் கொண்டுவந்து இதனை அறிவென்று ஏற்றுக்கொள் என்றால், அவர் சொல்லும் ஏதுவை எடுத்துப் பூதத்துக்குப் பொருத்திப் பாருங்கள். அங்கும் அது பொருந்துமாயின், அவ்வேது எதனையும் மெய்ப்பிக்கவில்லை. இவ்வுரைகல்லை நமக்கு வேண்டாதவர் கூற்றின்மேல் மட்டும் உரைத்துப் பார்த்தல் எளிது. நாம் விரும்பும் கூற்றின்மேலும், நாம் பெருமை கொள்ளும் கூற்றின்மேலும் அதே கையால் உரைத்துப் பார்ப்பவனே அறிவுடையான்.

தோவர் ஊரின் அந்த ஆசிரியர்களை எண்ணிப் பாருங்கள். அவர்கள் எவரையும் எள்ளவில்லை. எவர் கடவுளையும் பழிக்கவில்லை. பிள்ளைகள்முன் பொய்யுரைக்க மாட்டோம் என்று மட்டும் சொன்னார்கள். அவ்வொரு சொல்லில் கல்வியின் மானம் முழுவதும் அடங்கியிருக்கின்றது. அம்மானத்தைக் காப்போம் என்று கூறி அமைகின்றேன்.